பேசாமல் இருக்கப் போன அண்ணி

என் அண்ணி ஆறேழு வருஷம் என் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதைக் கேட்டுவிட்டு, ஏதோ சத்தமே இல்லாத வீடு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்த எங்கள் சந்தில் அதிகச் சத்தம் கேட்ட வீடு எங்களுடையதுதான். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். என்னிடம் சொல்வார். நான் இல்லாவிட்டால் கொல்லையில் கட்டியிருந்த கறுப்பு ஆட்டிடம் சொல்வார். அண்ணனும் அப்படித்தான் பதில் சொல்வார். கலியாணமாகாமல் அண்ணன் வீட்டில் இருந்தவள் நான். இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பி மாதிரி நின்றேன்.

"மீன் குழம்பு ஆறிப்போகுது. சாப்பிட வரச் சொல்லு."

அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காது நன்றாகவே கேட்கும். ஆனால் நான் ஒருமுறை திருப்பிச் சொல்லும்வரை அசைய மாட்டார்.

"அண்ணே, சாப்பிட வரணுமாம்."

"வரேன்னு சொல்லு."

"வராராம் அண்ணி."

இந்தக் கடைசி வாக்கியத்தையும் நான் சொல்லி முடித்தால்தான் அண்ணி தட்டை எடுப்பார். ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். கடைசியில் நான்தான் தோற்றேன். எனக்கும் பசித்தது.

ரோட்டில் ட்ராம் ஓட ஆரம்பித்த புதிது அது. அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரனின் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. காரைக்காலிலிருந்து வந்த கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. ஞாயிறு பூசைக்குத் தமிழ்க் கோயிலுக்குப் போவோம். அண்ணன் முன்னால், நான் நடுவில், அண்ணி பின்னால். அந்த வரிசையைப் பார்த்தே ஜனங்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். அடுத்தவர் சண்டைக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு பெண் குழந்தை வேறு பிறந்தது. அந்தச் சமயம் எங்கள் சந்துப் பெண்களின் வாயில் விழுந்து நான் பட்ட பாட்டை எழுதினால் காகிதம் கூசும். "பேச்சு இல்ல, பேச்சு இல்லன்னு சொன்னீங்களே லா, பிள்ளை மட்டும் எப்படி வந்துச்சு?" என்று பின்வீட்டுக்காரி என்னை நிறுத்திக் கேட்டாள். கலியாணமாகாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? அண்ணிக்கோ குழந்தை வந்தது வசதியாகப் போயிற்று. தொட்டிலில் கிடந்த சிசுவிடம், "உங்கப்பாவோட கோட்டுல பொத்தான் அறுந்திருக்கு, கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லு" என்பார். அண்ணனும் தொட்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கோட்டைக் கழற்றுவார்.

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று சந்து முழுக்கத் தெரியும். அண்ணன் சனிக்கிழமைகளில் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் ஜாலான் புசார் பக்கம் போய்விட்டு வருவது வழக்கமாயிற்று. ஜாலான் புசார் அப்போது பாதி ரோடு, பாதி சேறு. அந்தச் சேற்றோரம் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையில் ஒரு மலாய்க்காரி இருந்தாள். அண்ணன் அங்கேதான் போகிறார் என்று எந்தப் புண்ணியவதியோ அண்ணியின் காதில் போட்டுவிட்டாள்.

அண்ணி என்னிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குடையைப் பிடித்த தோரணையைப் பார்த்ததும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். தடுக்கப் போன நானும் சேர்ந்துகொண்ட மாதிரி ஆயிற்று. குடிசை வாசலில் நின்று அண்ணி போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "வெளிய வாய்யா! உன் லட்சணத்தை ஊரே பாக்கட்டும்!" என்று குடைக்காம்பால் கதவை இடித்தார். மாட்டு வண்டிகள் நின்றன. ரிக்‌ஷா இழுக்கிற சீனர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

அண்ணன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் வந்த மலாய்க்காரிக்கு எழுபது வயதாவது இருக்கும். கையில் ஆவி பறக்கிற இலைச்சட்டி. அவள் வைத்தியக்காரி. கோபம் தலைக்கேறி, இந்த ஆளுக்கு எங்கே என்ன உபாதை, எத்தனை வாரமாக அவள் இலை வைத்துக் கட்டுகிறாள், இன்றைக்குப் பாதியில் எழுந்துவிட்டதால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மலாயில் விலாவாரியாகச் சொன்னாள். மலாய் புரியாதவர்களுக்காகக் கையை வைத்தும் காட்டினாள்.

அண்ணனுக்கு மூலம். சொல்லக் கூசி வீட்டில் மறைத்திருக்கிறார். மலாய் வைத்தியத்துக்குப் போனது தெரிந்தால் பூசை வைக்கிற சாமியார் அதை மந்திரம் தாயத்து என்று திட்டுவாரோ என்று கோயிலிலும் மறைத்திருக்கிறார். ஒரே சாயங்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒருத்தி அடைத்துக்கொள்ளவே இல்லை. அண்ணன் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குக் கிட்டங்கியில் வைத்த பட்டப்பெயரைத் தவிர அவருக்கு வேறு பெயரே கிடையாது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அன்றைக்கு நின்றது பேச்சு.

தப்புச் செய்தவர் அண்ணி. வாய் திறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர்தான். அவரே பேசாமல் இருந்ததால், "என்ன வீம்பு, என்ன வீம்பு!" என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீம்புக்காரி செய்யாத சில காரியங்களை அண்ணி செய்துகொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கருணைக்கிழங்கு மசியல். அண்ணனுக்கு மட்டும் மிளகாய் இல்லாமல் தனிக் குழம்பு. இலவம்பஞ்சு வாங்கி, நடுவில் ஓட்டை வைத்து, வளையம் போல ஒரு மெத்தை தைத்தார். அதை அண்ணனுடைய நாற்காலியில் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். மறுநாள் அண்ணன் அந்த மெத்தையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அதைப் பற்றி ஒருவரும் எனக்குச் செய்தி கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஞான ஒடுக்கம் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு சாமியார் கப்பலில் வந்திருந்தார். தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஊரில் முதல் முறையாக ஞான ஒடுக்கம் கொடுக்கப் போகிறார் என்று கோயிலில் அறிவித்தார்கள். மூன்று நாள் கன்னியர் மடத்துக்குள் தங்கி, யாரோடும் பேசாமல், செபமும் பிரசங்கமும் தியானமுமாக இருக்க வேண்டும். முடிவில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம், பூசையில் நன்மை என்கிற நற்கருணை வாங்குதல். எங்களில் யாருக்கும் இது பழக்கமில்லை. அண்ணிதான் முதலில் பெயர் கொடுத்தார். செத்துப்போன தன் தாயார் ஊரில் இரண்டு முறை ஒடுக்கம் செய்தவர், அதைச் செய்யாமல் தான் கண்ணை மூடக் கூடாது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

பூசை முடிந்ததும் உபதேசியார் பெண்களை உட்காரவைத்து ஆயத்தங்களைச் சொன்னார்.

"தாய்மாரே, பாய் ஒண்ணு, வெள்ளை முக்காடு, செபமாலை, இவ்வளவு போதும். வெத்திலைப் பெட்டியைத் தூக்கிட்டு வராதீங்க. புள்ளைங்களை யார்கிட்டயாவது ஒப்படைச்சிருங்க. மணி அடிச்சா வாயைத் தொறக்கக் கூடாது. சைகையும் கூடாது. ஆனா ஒண்ணு. யார் யாரோட பேச்சு இல்லியோ, அவங்க அவங்களோட பேசி, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும். பகையை மனசுல வச்சுக்கிட்டு மூணு நாள் பேசாம இருந்தா, அதுக்குப் பேரு ஒடுக்கம் இல்ல. வீம்பு."

கடைசி வார்த்தையை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பெண்கள்தான் திரும்பி அண்ணியைப் பார்த்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அந்த வாரம் எங்கள் சந்தில் ஒரே கூத்து. பேசாமல் இருந்து பழகிக்கொள்கிறேன் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். பின்வீட்டுக்காரி தேக்கா சந்தையில் வெண்டைக்காயைக் கையால் காட்டி வாங்கப் போக, தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று கடைக்காரன் இரக்கப்பட்டு இஞ்சி கொடுத்தனுப்பினான். அவள் அதை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தக் கதையை அரைமணி நேரம் சொன்னாள். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்து, "உங்களுக்கு என்னக்கா, பழகின வாய்! மூணு நாள் என்ன, முப்பது நாள் வச்சாலும் இருப்பீங்க லா" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அண்ணி சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். அன்று ஆட்டிடம்கூட ஒன்றும் பேசவில்லை.

மற்றவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட எதிர்வீட்டு நாகூர் அம்மாவிடம்கூட, எப்போதோ அவர் வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "எந்தக் கோழி?" என்று அந்த அம்மா விழித்தார். மீந்தது அண்ணன் மட்டும்தான்.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போனோம். தாழ்வாரத்தில் புதுச்சேரி சாமியார் செபப் புத்தகத்தோடு உலாவிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர். எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"தோத்திரம் சாமி," என்று அண்ணி முழங்காலிட்டார். "ஒரு சந்தேகம் சாமி. மன்னிப்புக் கேக்கிறதை... வேற ஒருத்தர் மூலமாச் சொல்லியனுப்பிக் கேட்டா செல்லுமா?"

"யார் மூலமாக?"

அண்ணி என்னைக் காட்டினார். சாமியார் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"மகளே, உனக்குப் பதிலாக உன் நாத்தனாரையே மோட்சத்துக்கும் அனுப்பிவிடுவாயோ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் உலாவப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அண்ணி முக்காட்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சாமி கிடக்கட்டும். நீ சொல்லிடு," என்றார் அண்ணி திடீரென்று. "இத்தனை வருஷம் எத்தனையோ சொல்லியிருக்க. இதையும் சொல்லிடு."

"மாட்டேன் அண்ணி."

"ஏன்?"

"மீன் குழம்பு ஆறுதுன்னு நான் சொல்லலாம். இதை நான் சொன்னா நல்லா இருக்குமா? உங்க வீம்பைக் கொஞ்சம் விட்டுட்டு நீங்களே கேட்டா என்ன? எங்க அண்ணன் என்ன கடிச்சா தின்னுடுவாரு?"

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"வீம்பா? நீயுமா அப்படி நெனச்ச?" என்றார். முக்காட்டை மடியில் வைத்து நீவினார். பிறகு, "வெட்கம்டி. அவர் முகத்தைப் பாத்து வாயெடுத்தா, அன்னைக்கு ரோட்டுல நான் போட்ட சத்தம்தான் என் காதுல விழுது. அதே வாய்தானே இது? இதை வச்சுக்கிட்டு அவர்கிட்ட எப்படிப் பேசுவேன்? முதல் ரெண்டு நாள் முடியல. நாலாவது நாள், இன்னும் முடியல. அப்புறம் பேசாததுக்கே வெட்கமாப் போச்சு," என்றார். முக்காட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பாதி ஓரம்தான் தைத்திருந்தது. மீதியை நான்தான் தைத்தேன்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில் இருந்துகொண்டு, வீம்புக்கும் வெட்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று எனக்கு என்மேலேயே கேவலமாக இருந்தது. ஆனாலும் சொல்லியனுப்ப நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மடத்தில் இருக்க வேண்டும். அரைநாள் வேலை முடிந்து வந்த அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ரிக்‌ஷா நின்றது. சுருட்டிய பாய்களை ஏற்றிவிட்டு நான் உள்ளே வந்தேன். அண்ணி வெள்ளை முக்காட்டோடு அண்ணனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இனி இவர் போக மாட்டார், பாயை இறக்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது அண்ணி தொப்பென்று முழங்காலிட்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார். நேராக அண்ணனிடம். "அன்னைக்கு ஊர் பாக்க உங்களை அப்படி... நான் செஞ்சது பெரிய பாவம். மன்னிச்சிடுங்க."

அண்ணன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எந்திரிக்கச் சொல்லு," என்றார்.

அண்ணி எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். நான் அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிக்‌ஷாவில் வழி முழுக்க அண்ணி அழவில்லை. கோயில் வளைவைத் தாண்டும்போது மட்டும், "நான் கேட்டுட்டேன்ல? அவர் மன்னிக்கலைன்னாலும் உள்ள விடுவாங்கல்ல?" என்று கேட்டார்.

"விடுவாங்க அண்ணி."

"விட்டா சரி," என்றார். அண்ணன்மேல் வந்த கோபத்தில், மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனதும் இனி யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

மடத்து முற்றத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். அன்று குடைக்குப் பின்னால் வந்தவர்களும் இருந்தார்கள். பெரிய கன்னியாஸ்திரி இரும்புக் கதவைச் சாத்தி, ஒரு சின்ன மணியை அடித்தார். அதோடு பேச்சு முடிந்தது. முற்றம் முழுக்க அமைதி. பின்வீட்டுக்காரிகூட வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அமைதியில்தான் தடதடவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. கதவுக் கம்பியை ஒரு கை வந்து பிடித்தது. அண்ணன். மேலே சட்டையில்லை, துண்டு மட்டும்தான். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தால் குலுக்கல் அவருக்குத் தாங்காது. அதனால் அவ்வளவு தூரமும் ஓடியே வந்திருக்கிறார்.

அண்ணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"உன்கிட்டதான் சொல்ல வந்தேன்," என்றார். மூச்சு இரைத்தது. வரிசையில் நின்ற பெண்களையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. "வாய் பழகிப்போச்சு. அவகிட்ட சொல்லிட்டேன். எந்திரின்னு உன்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்கே இல்ல. வெட்கம். உன் முகத்தைப் பாக்க வெட்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பெரிய கன்னியாஸ்திரி உதட்டில் விரலை வைத்தபடி கதவுப் பக்கம் விரைந்தார். மூன்று நாளைக்கு அண்ணி பேசக் கூடாது. மணி அடித்தாயிற்று. எல்லோரும் அண்ணியையே பார்த்தார்கள். அண்ணி கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். விரலெல்லாம் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"சோத்துக் கையோடயா ஓடி வந்தீங்க?" என்றார் அண்ணி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "போங்க, போய்க் கையைக் கழுவிட்டு வேற சோறு போட்டுச் சாப்பிடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்த ஊரில் தமிழ்ப் பெண்களின் முதல் ஒடுக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. கன்னியாஸ்திரி மணியை மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. அண்ணி முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். மூக்கு நுனி மட்டும் சிவந்து தெரிந்தது.

அண்ணன் இன்னும் போகவில்லை. வழக்கம்போல என் பக்கம் திரும்புவார் என்று நான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சரி," என்றார் அண்ணியிடம்.